அடுத்த வருஷக்காரர்

மனிதர்களில் இன்று நாம் பார்க்கப்போகும் வகைக்கு அடுத்த வருஷக்காரர் என்று பெயர். இவரைக் கண்டுபிடிக்கப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை. பிழைப்புக்காக ஒரு நாட்டுக்குப் போய், அங்கே பத்து வருஷத்துக்குக் குறையாமல் குடியிருக்கிற யாரையாவது நிறுத்தி, "எப்ப ஊருக்குத் திரும்பறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் வாயை மூடுவதற்குள், "அடுத்த வருஷம் போயிடுவோம்" என்று பதில் வரும். பொய் சொல்கிற களை முகத்தில் துளிக்கூட இருக்காது. ஏனென்றால் அது பொய்யே இல்லை. அவர் நிஜமாகவே அடுத்த வருஷம் போகப்போகிறார். போன வருஷமும் அப்படித்தான் போகவிருந்தார்.

முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவர்கள் வீட்டைப் பார்க்கலாம். அலமாரியின் மேல் டிவி வந்த அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த தெர்மாகோல் ஒரு மூலைகூட உடையாமல், கூரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் கடைக்காரன் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் ஓரம் சுருண்டு, பழுப்பேறி, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலில் தொங்குவது முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன திரைச்சீலை. சாப்பாட்டு மேசை மடக்குகிற வகை, நாற்காலியும் மடக்குகிற வகை, முடிந்தால் குடும்பத்தையே மடக்கிச் சுவரோரம் சாத்திவிடுவார். சுவரில் ஆணி கிடையாது. கடிகாரம் தரையில் உட்கார்ந்து மணி காட்டும். ஏன் சார், ஓர் ஆணி அடிக்கக்கூடாதா?

"போற நேரத்துல எதுக்கு?"

நம் அடுத்த வருஷக்காரர் லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேலாளர். நாள் முழுக்க மற்றவர்கள் மேலேயும் கீழேயும் போய்வர ஏற்பாடு செய்கிறவர். தான் மட்டும் பதினொரு வருஷமாக ஒரே மாடியில் நிற்கிறவர். அந்த ஊருக்கென்று ஒரு மொழி உண்டு. தெருவில், கடையில், பஸ்ஸில், லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள் நடுவில் எல்லாம் அதுதான். நம்மவருக்கு அதில் ஐந்து வார்த்தை தெரியும். நன்றி, வலது, இடது, போதும், வேண்டாம். டாக்ஸியில் ஏறினால் வலது, இடது, வலது, போதும், நன்றி, பயணம் முடிந்தது. காய்கறிக் கடையில் விரலை நீட்டி, போதும், வேண்டாம், நன்றி. சமையல் முடிந்த மாதிரிதான். முடிவெட்டும் கடையில் ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டே 'போதும்' சொல்ல மறந்துவிட்டார். அந்த மாதம் முழுவதும் தொப்பி போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். மற்றபடி ஐந்து வார்த்தை தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

ஆறாவது வார்த்தை ஒன்றைக் கற்றுக்கொண்டால் என்ன? போகிற நேரத்தில் எதற்கு?

அவருடைய மனைவிக்கு அந்த மொழி மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. மொழிப்பற்று காரணமில்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. "வேளைக்கு எத்தனை மாத்திரைன்னு கையைக் காட்டிச் சொன்னா, வர்ற பெரியவர் யாராவது அஞ்சையும் ஒண்ணா முழுங்கிடுவார். வாயைத் திறந்துதானே ஆகணும்?" என்பார். நம்மவர் இதை மனைவியின் தொழில் சார்ந்த ஒரு தேவையாக மதித்து ஏற்றுக்கொண்டார். குழாய் சரிசெய்கிறவர் வரும் நாட்களில் அந்தத் தொழில்திறன் வீட்டுக்கும் பயன்பட்டது.

கைக்குழந்தையாக அங்கே வந்த மகள் சர்வதேசப் பள்ளியில் முதல் வகுப்புச் சேர்ந்த வருஷம், அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. எந்த நாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் சர்வதேசப் பள்ளியாக இருந்தாலும், வாரத்துக்கு நான்கு பாடவேளை ஊர் மொழியையும் ஊர்ப் பண்பாட்டையும் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடத்தின் பெயர், 'நம் ஊர்'. பெற்றோர் கூட்டத்தில் இந்தச் செய்தியை அறிவித்தபோது முதலில் எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நம்மவர்தான்.

"எந்த மண்ணுல நிக்கிறோமோ அந்த மண்ணோட மொழியை நம்ம பிள்ளைங்க படிச்சே ஆகணும். இதை எப்பவோ கொண்டுவந்திருக்கணும். நான் முழு மனசோட வரவேற்கிறேன்" என்று நல்ல ஆங்கிலத்தில் ஏழு நிமிஷம் பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உட்கார்ந்த பிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "இங்கேயே இருக்கப்போறவங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்" என்றார்.

ஆணையின் வாலில் ஒரு விலக்கு இருந்தது. கல்வியாண்டு முடிவில் நாட்டை விட்டுப் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டும் இந்தப் பாடம் கட்டாயமில்லை. அதற்கு வெளிர்நீலத்தில் ஒரு படிவம், புறப்பாட்டு உறுதிமொழி. "இக்கல்வியாண்டின் இறுதியில் எங்கள் குடும்பம் இந்நாட்டை விட்டுப் புறப்படுகிறது" என்று ஒற்றை வரி, கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. நம்மவர் அதைப் படித்ததும் தன்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதிய மாதிரி உணர்ந்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். விட்டுப் போகப்போகிற ஊரின் மொழியைப் படிப்பதற்குப் பதில் அந்த நேரத்தில் குழந்தை இரண்டு கணக்குப் போடலாமே.

பொய் உறுதிமொழி கொடுத்துவிட்டார் என்று முகம் சுளிக்காதீர்கள். அப்படி நினைத்தால் இந்த வகையை நீங்கள் புரிந்துகொள்ளவே இல்லை. பொய் சொல்கிறவனுக்குக் கை நடுங்கும். இவர் கையெழுத்து மணிமணியாக இருந்தது.

முதல் வருஷம் பள்ளியில் நாற்பத்தோரு நீலப் படிவங்கள் வந்தன. அடுத்த வருஷம் இருபத்தாறு. சிலர் சத்தமில்லாமல் பிள்ளைகளைப் பாடத்தில் சேர்த்துவிட்டார்கள். சிலர் நிஜமாகவே நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வருஷக்காரர்கள் உலகத்தில் இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. மகள் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளி முழுவதற்கும் ஒரே ஒரு நீலப் படிவம்தான் வந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டுமா?

விலக்குப் பெற்ற பிள்ளைகள் 'நம் ஊர்' நேரத்தில் நூலகத்தில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. வாரத்துக்கு நான்கு பாடவேளை வீதம் ஐந்தே முக்கால் வருஷம் உட்கார்ந்ததில் அந்தப் பெண் கதைப் புத்தகங்களை முடித்து, அகராதிகளை முடித்து, தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருந்த செய்முறையையும் மனப்பாடம் செய்திருந்தாள்.

"அப்பா, லைப்ரரி மேடம் எங்கிட்ட சாவியைக் குடுத்துட்டாங்க."

"எதுக்கும்மா?"

"அவங்க டீ குடிக்கப் போறப்ப நான்தான் பார்த்துக்கறேன். நேத்து ஒரு ஸாருக்கு ஃபைன்கூடப் போட்டேன்."

"பாத்தியா, பொறுப்பு வருது" என்றார் நம்மவர் மனைவியிடம்.

"நான் க்ளாஸுக்கே போறேனேப்பா."

"இந்த ஒரு வருஷம்தானே கண்ணு. அடுத்த வருஷம் நாம..."

"இடைவேளையில எல்லாரும் அந்த மொழியிலதான் ஜோக் சொல்றாங்க. எல்லாரும் சிரிச்சப்புறம் நான் சிரிக்கிறேன். ரெண்டு செகண்டு லேட்டா."

நம்மவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு விநாடி என்பது ஒரு பெரிய நேரமா? லிப்ட் கதவு மூடுவதற்கே நான்கு விநாடி ஆகும்.

ஆண்டிறுதிக்கு ஏழு வாரம் இருக்கும்போது ஒரு நாள் மகள் பள்ளியிலிருந்து பெரிய அட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வண்ணப் பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அத்தனையும் ஊர் மொழியில். அதில் அவளால் படிக்க முடிந்தது அவள் பெயரை மட்டும்தான்.

"என்னம்மா இது?"

"தெரியல. எல்லாரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேர் அழுதாங்க. நானும் அழுதேன். எதுக்குன்னுதான் தெரியல."

மனைவி வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். "போய் வா. எங்களை மறக்காதே." "உன் இடத்தில் வேறு யாரும் உட்காரக்கூடாது என்று சொன்னேன், டீச்சர் கேட்கவில்லை." "நீ எப்போதும் லேட்டாகச் சிரிப்பது எனக்குப் பிடிக்கும்." மகள் அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அட்டையோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. இதுவரை எங்கள் பள்ளியில் இருந்ததற்கு நன்றி. ஆண்டு முடிவதற்குள் நூலகப் புத்தகங்களையும் நூலகச் சாவியையும் ஒப்படைக்கவும். தங்கள் மகளின் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த அடுத்த குழந்தைக்கு வழங்கப்பட்டுவிட்டது. தங்கள் பயணம் இனிதே அமையட்டும்.

மறுநாள் காலை நம்மவர் பள்ளி அலுவலகத்தில் நின்றார். பதிவு அலுவலர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேசை மேல் ஒரு தாள்கூடக் கோணலாக இல்லாதவர்.

"வாங்க சார். பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

"எந்தப் பெட்டி மேடம்?"

"போறீங்களே."

"நாங்க எங்கயும் போகலையே."

பதிவு அலுவலர் இழுப்பறையைத் திறந்து ஆறு நீலத் தாள்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார். ஆறிலும் ஒரே கையெழுத்து, மணிமணியாக.

"இது நீங்க எழுதிக் குடுத்ததுதானே?"

"என்னுதுதான். ஆனா அது... வருஷா வருஷம் குடுக்கறதுதானே மேடம்."

"வருஷா வருஷம் போறேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"போறோம். இந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷம்."

"அப்ப இந்த வருஷம்னு எழுதினது?"

"அது போன வருஷம் நெனச்சது."

பதிவு அலுவலர் ஆறாவது தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், இந்த வருஷம் புதிதாக, ஒரு வரி அச்சாகியிருந்தது: "இவ்வுறுதிமொழி மாணவர் பள்ளியை விட்டு விலகுவதற்கான அறிவிப்பாகக் கொள்ளப்படும்." ஐந்து தடவை கையெழுத்துப் போட்ட தாளை ஆறாவது தடவை யாராவது திருப்பிப் பார்ப்பார்களா? நீங்கள் பார்ப்பீர்களா?

நம்மவர் ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நிலைமை இதுதான். ஊரில் இருந்த இன்னொரு சர்வதேசப் பள்ளியில் காத்திருப்போர் பட்டியல் இரண்டு வருஷ நீளம். மற்ற பள்ளிகளில் தாராளமாக இடம் இருந்தது; ஆனால் எல்லாப் பாடமும் ஊர் மொழியில். கணக்கில் முதல் மார்க் வாங்குகிற பெண், கேள்வியைப் படிக்கத் தெரியாமல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றார் பதிவு அலுவலர். "நிலைவாசிக் குடும்பங்களுக்குன்னு தனியா எட்டு இடம். இங்கயே நிலையா இருக்கறவங்களுக்கு. அதுல ஒண்ணு காலியா இருக்கு. குழந்தையும் பெத்தவங்கள்ல ஒருத்தரும் வந்து பத்து நிமிஷம் ஊர் மொழியில பேசணும். அவ்வளவுதான்."

நம்மவர் முகம் மலர்ந்தது. "என் மனைவி பிரமாதமாப் பேசுவாங்க மேடம்!"

"நீலப் படிவத்துல கையெழுத்துப் போட்டவர்தான் வரணும், சார்."

மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. தரைத்தளத்தில், விளையாட்டுச் சாமான் அறைக்கு அடுத்த வகுப்பறையில், பள்ளி விட்ட பிறகு 'நம் ஊர்' தனி வகுப்பு. மாணவர்கள் இரண்டு பேர், அப்பாவும் மகளும். நாற்காலி சின்னப் பிள்ளைகளுடையது; நம்மவர் உட்கார்ந்தால் முழங்கால் மார்பை இடித்தது. மடக்கவும் முடியாத நாற்காலி. மொழி டீச்சர் சிரிக்காமல் கேலி பேசக்கூடிய இனம். பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்.

"இது என் வீடு. எங்க, சொல்லுங்க சார்."

"மேடம், இதுல வாடகை வீடுன்னு சொல்லணும்னா எப்படி?"

"அது நாலாவது பாடம்."

"இல்ல, உண்மையைச் சொல்லணும் இல்லையா?"

"போட்டிருக்கீங்களே, அந்தச் சட்டை வாடகையா சார்?"

"சொந்தம்."

"அப்ப முதல்ல 'இது என் சட்டை' சொல்லுங்க. வீட்டுக்கு அப்புறம் வருவோம்."

மகள் இரண்டே நாளில் சட்டை, வீடு, தெரு எல்லாம் தாண்டிப் போய்விட்டாள். ஆறு வருஷம் கதவுக்கு வெளியே காத்திருந்தவள் கதவு திறந்ததும் எப்படி ஓடுவாளோ அப்படி ஓடினாள். நம்மவரோ நோட்டுப் புத்தகத்தில் தனக்கு வேண்டிய சொற்களாகப் பார்த்துக் கேட்டு வாங்கி எழுதிவைத்துக்கொண்டார். தற்காலிகமாக. இப்போதைக்கு. எப்படியும். நிலைமையைப் பொறுத்து. ஒரு வாரம் கழித்து டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"சார், தண்ணிக்கு என்ன சொல்லுவோம்?"

"அது இன்னும் வரல மேடம்."

"பரவாயில்ல. இப்போதைக்குத் தற்காலிகமாத் தாகமா இருக்குன்னு சொல்லிடலாம்" என்றார் டீச்சர். மகள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள்.

வீட்டிலும் விடவில்லை. மனைவி சமையல்கட்டிலிருந்தே கேள்வி கேட்பார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" "எங்க வேலை பார்க்கறீங்க?" "எத்தனை நாள் இருக்கப்போறீங்க?" முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதில் நின்றது. "இங்கேயே இருப்போம்" என்ற பதிலை மனைவி எழுதிக் கொடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்தார்.

"வாய்ல நுழையலம்மா."

"மூணு வார்த்தைகூட இல்லீங்க அது."

"வயசாயிடுச்சு. இனிமே மொழி வராது."

"வராம இல்ல. பதினொரு வருஷமாக் காதைப் பொத்திக்கிட்டு இருந்தீங்க. கையை எடுத்தீங்கன்னா தானா உள்ள போகும். சொல்லுங்க. இங்கேயே இருப்போம்."

"இங்கேயே..." என்றார். தண்ணீர் குடித்தார்.

கையை எடுத்ததில் சில சங்கடங்களும் இருந்தன. இரண்டாம் வாரம் ஒரு கட்டடத்தில் பழுதான லிப்டைப் பார்க்கப் போனார். குழிக்குள்ளிருந்து தொழிலாளி ஒருவர் மேலே எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவரிடம், "அஞ்சு வார்த்தை வந்துட்டார், சாமானை எடுத்து வை" என்றார். நம்மவருக்கு முழுசாகப் புரிந்தது. அஞ்சு வார்த்தை என்பது யார் என்பதும் புரிந்தது. குரலில் இருந்த பழக்கத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் நேற்று வைத்ததாகவும் தெரியவில்லை. பதினொரு வருஷமாக எல்லாரும் தன்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், புரியாத மொழிக்கு இப்படி ஒரு வசதி இருந்ததை அன்று உணர்ந்தார்.

அன்று மாலை மகள் வேறொரு செய்தி கொண்டுவந்தாள். "அப்பா, இன்னிக்கு இடைவேளையில சரியான நேரத்துல சிரிச்சேன்."

"அப்படியா! என்ன ஜோக்கு?"

"ஜோக் நல்லாவே இல்லப்பா. இத்தனை வருஷம் இதுக்கா சிரிச்சேன்னு இருந்துச்சு" என்றாள், முகம் கொள்ளாத சந்தோஷத்தோடு.

நேர்காணல் நாள் வந்தது. பதிவு அலுவலரும் மொழி டீச்சரும் மேசைக்கு அந்தப்பக்கம். இந்தப்பக்கம் அப்பா, மகள். மனைவி லீவு போட்டுவிட்டு வந்து வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. முதலில் மகளைக் கேட்டார்கள். பள்ளியில் உனக்குப் பிடித்த இடம் எது? அவள் நூலகம் என்று தொடங்கி, எந்த அலமாரி ஆடும், எந்த ஜன்னல் சாத்தாது, ஃபைன் கட்டாமல் ஏமாற்றும் வாத்தியார்கள் யார் யார் என்று சொல்லிக்கொண்டே போனாள். பதிவு அலுவலர் ஒரு பெயரைக் குறித்துக்கொண்டார்.

பிறகு நம்மவர்.

"இங்க வந்து எத்தனை வருஷமாச்சு சார்?"

இந்தக் கேள்விக்கு அவர் வீட்டு மொழியில் ஒரு நாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. "கொஞ்ச நாளாச்சு" என்பார். "ஆச்சு, ஓடிப்போச்சு" என்பார். இந்தப் புது மொழியில் அந்தச் சாமர்த்தியமெல்லாம் கைவசம் இல்லை. எண்கள்தான் தெரியும்.

"பதினொன்று" என்றார். சொன்ன பிறகு அந்த எண் அவர் காதிலேயே பெரிதாக விழுந்தது.

"வீடு எங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு. மூன்றாவது மாடி. இது..." டீச்சர் புருவத்தை உயர்த்தினார். "அது என் வீடு."

"எத்தனை நாள் இங்க இருக்கப்போறீங்க?"

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. மகள் அப்பாவின் வாயையே பார்த்தாள். உதட்டை அசைத்து முதல் எழுத்தை எடுத்துக்கூடக் கொடுத்தாள். நம்மவருக்குப் பதில் தெரியும். மூன்று வாரம் பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்த பதில், லிப்டில் தனியாகப் போகும்போது சொல்லிப் பார்த்த பதில். கண்ணை மூடினால் ஃபிரிட்ஜ் கதவு தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர் மொழியில், ஒரு பிழைகூட இல்லாமல், தெளிவாகச் சொன்னார்:

"அடுத்த வருஷம் போய்விடுவோம்."

மகளின் உதடு அசைந்த இடத்திலேயே நின்றது. வெளியே மனைவி, "ஐயோ, மனுஷா!" என்றது நன்றாகக் கேட்டது. நம்மவர் தன் வாயைத் தானே நம்ப முடியாதவராக மேசையைப் பார்த்தார். மகளைப் பார்க்கும் துணிவு வரவில்லை.

பதிவு அலுவலர் பேனாவை மூடினார். மொழி டீச்சர் பக்கம் திரும்பினார். இருவரும் ஊர் மொழியில் பேசிக்கொண்டார்கள். அது தனக்குப் புரியும் என்பதே நம்மவருக்கு ஒரு விநாடி கழித்துத்தான் நினைவு வந்தது.

"என்ன எழுத, டீச்சர்?"

"நிலைவாசின்னு எழுதுங்க."

"போறேன்னு சொல்றாரே!"

"எங்க அப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு இந்த ஊர்ல வந்து இறங்கினப்ப இதைத்தான் சொன்னார். முப்பத்தெட்டு வருஷமாச் சொல்றார். சொல்லிக்கிட்டே வீடு கட்டினார், சொல்லிக்கிட்டே எனக்கு இங்கயே கல்யாணம் பண்ணிவச்சார். நேத்துகூடப் பேத்திகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தார்."

"உங்க குடும்பம் வெளியிலேர்ந்து வந்ததா?" பதிவு அலுவலர் ஆச்சரியப்பட்டார். "தெரியவே தெரியாதே!"

"எங்க அப்பாவுக்கு இன்னும் தெரியல, நாங்க வந்துட்டோம்னு."

பதிவு அலுவலர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொல்றதும் சரிதான். நிஜமாப் போறவங்க யாரும் என்கிட்ட வந்து போறேன்னு சொன்னதில்ல. மாற்றுச் சான்றிதழ் என்னைக்குக் கிடைக்கும்னுதான் கேட்டிருக்காங்க." பேனாவைத் திறந்தார். முத்திரையை எடுத்து ஊதி, ஒரு குத்துக் குத்தினார். தாளை நம்மவர் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

'இக்குடும்பம் இவ்வூரில் நிலையாக வசிக்கிறது.' ஒற்றை வரி. புள்ளிக்கோடு.

நம்மவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார். மகள் பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் நடுங்கலாகத்தான் வந்தது.

கதை இங்கே முடிந்து, மனிதர் திருந்தி, சுவர் முழுக்க ஆணி அடித்தார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். புதிய கல்வியாண்டில் எல்லாருக்கும் போவதுபோல் நீலப் படிவம் அவர் வீட்டுக்கும் வந்தது. அதைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். மகள் 'நம் ஊர்' வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டே ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் படிவத்தை மடித்து இழுப்பறையில் போட்டார்.

"இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் குடுத்துக்கலாம்."

ஆக, இதுதான் அடுத்த வருஷக்காரர். நீங்கள் சிரித்தபடி இதை மூடி வைக்கப்போகிறீர்கள். நீங்கள் கடல் தாண்டியதில்லை, பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை, உங்கள் மொழி பேசுகிற ஊரிலேயே பிறந்து, அங்கேயே இருக்கிறீர்கள், உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரொம்பச் சரி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளிலிருந்து, "இது சும்மா, வேற பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டு, அந்த மேசைக்காரர் பணி ஓய்வு பெற்ற விழாவில் மாலையும் போட்டு வந்தவர் நீங்கள் இல்லை. "இந்த ஏரியா நமக்குச் சரிப்படாது, ஆறு மாசத்துல மாத்திடணும்" என்று பெட்டி பிரிக்கும்போது சொன்னதும் வேறு யாரோ.

அப்படியானால் சுலபமான ஒரே ஒரு கேள்வி. உங்கள் எதிர் வீட்டுக்காரருக்கு என்ன பெயர்?

நிதானமாக யோசியுங்கள். அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.